மலைநாட்டுத் தோட்டங்களிற் புகைத்தடை

பொதுவிடங்களிற் புகைபிடித்தலைச் சட்டத்தால் விலக்குதல் நம் காலத்திலே தோன்றிய புதுமையென்று கருதுவார் பலர். வரலாற்றை நோக்குமிடத்து அக்கருத்துப் பொருந்தாது. புகையிலை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவத் தொடங்கிய காலத்திலேயே அதனை ஒடுக்கும் ஆணைகளும் பிறந்துவிட்டன. இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் 1604 ஆம் ஆண்டிற் புகையிலையைக் கண்டித்து நூலொன்று எழுதியதோடமையாது, அதன் மீதிருந்த இறக்குமதி வரியையும் பன்மடங்காக உயர்த்தினான். முகலாயப் பேரரசன் ஜகாங்கீர் 1617 இல் அதனை விலக்கினான். துருக்கிச் சுல்தான் நான்காம் முராது 1633 இல் மரண தண்டனையே விதித்தான். ஆணைகள் யாவும் தோற்றன. வரி மட்டும் நிலைத்தது. அரசர்க்கு வருவாய் தந்த பகுதி அதுவொன்றே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அம்மன்னர்களின் தடைக்கும் இக்காலத் தடைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் புகைப்பவனை நோக்கி ஆணையிட்டனர். இக்காலச் சட்டமோ புகைப்பவனுக்கு அருகில் இருப்பவனை நினைந்து எழுதப்படுகின்றது. தன் உடலைத் தான் கெடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி அது வாதிடுவதில்லை. பிறனுடைய மூச்சைக் கெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லையென்பதே அதன் வாதம். எனவே, ‘எவ்விடத்தில்’ என்னும் வினா அச்சட்டத்திலே தலைமை பெறுகின்றது. எவ்விடத்தைச் சட்டம் பொதுவிடம் என்று பெயரிடுகின்றதோ அவ்விடத்து மூச்சுக்கே காவல் கிடைக்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே இவ்வினாவுக்கு எத்தகைய விடை கிடைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். தாம்பூலம் நமக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்திலே கண்ணகி கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கின்றாள். அத்தாம்பூலத்திற் புகையிலை இல்லை. ஐரோப்பியரின் கப்பல்கள் கொணர்ந்த அவ்விலை, பின்னர் வந்து முன்னிருந்தவற்றோடு சரியாசனம் பெற்றுக்கொண்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூதாக விடுத்துப் பிரபந்தம் பாடினார் என்றால், அதற்குக் கிடைத்த மதிப்பை வேறு சொல்ல வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்ட நிலங்களில் விளைந்த புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குச் சென்று பொருளீட்டித் தந்தது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து வணிகர் தென்னிலங்கையிலும் மலைநாட்டு நகரங்களிலும் வைத்த கடைகளுக்குச் ‘சுருட்டுக்கடை’ என்பதே பெயராயிற்று. இம்மலரைப் படிப்போர் சிலருடைய பாட்டன்மார் அக்கடைகளின் வருவாயாற் கல்வி கற்றவர்களாயிருத்தல் கூடும். புகையிலையின் வரலாறு நம் கல்வியின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது என்பதை மறைத்தற்கில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் புகையிலை மற்றொரு வழியாகவும் வந்தது. 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென்றும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கென்றும், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் இடுப்பிற் செருகிவந்த சுருக்குப்பையிலே வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலைத் துண்டும் இருந்தன. சமவெளியின் வெயிலிலே பழகியவர்கள் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய குளிர்நிலங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்க வேண்டியவராயினர். மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிப்போர்க்கு வாயில் அடக்கிய புகையிலை உடம்பிற் சூடேற்றுவதாகத் தோன்றியது. பசியையும் சிறிது நேரம் மறக்கச் செய்தது. அட்டை கடித்த காலிலே தடவுதற்கும் அதே சுண்ணாம்பும் புகையிலையும் உதவின. ஊரில் ஓய்வுநேரத்துப் பொருளாயிருந்தது இங்கே வேலைக்கு வேண்டிய கருவியாக மாறிற்று. இதனை உணராது தோட்டப் பெண்களின் வெற்றிலைப் பழக்கத்தை வெறும் அறியாமையென்று இகழ்வோரின் கூற்று எமக்கு உடன்பாடன்று.

ஆடவர் பீடியும் சுருட்டும் பின்னர்ச் சிகரெட்டும் பிடித்தனர். பெண்டிர் பெரும்பாலும் மென்றனர். இவ்வேறுபாடு பின்னர் நாம் சொல்லப்போகும் செய்திக்கு இன்றியமையாதது. ஆதலின் இதனை மனத்திற் கொள்க.

இனித் தடையைப் பற்றி நோக்குவோம். சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே தோட்டத்திற் புகைத்தல் விலக்கப்பட்ட இடமொன்று இருந்தது. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையே அது. தேயிலை பிற மணங்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. வாடப்போட்ட கொழுந்தும், அரைத்துப் பதப்படுத்தி உலர்த்திய தூளும், அருகிலிருக்கும் எண்ணெய், சவர்க்காரம், புகை ஆகிய எதன் மணத்தையும் ஏற்றுக்கொள்ளும். வீட்டிலே தேயிலைத் தூளைப் பெருங்காயத்தோடு ஒரே பெட்டியில் வைத்தவர்கள் இதனை அறிவர். கொழும்பிலே தேநீரைச் சுவைத்து விலைகூறும் வல்லுநரின் நா அக்குற்றத்தைக் கண்டுகொள்ளும்; கண்டால் விலை விழும். ஆதலின் ஸ்டோருக்குள்ளே பீடி பற்றவைத்தலும் வெற்றிலை மென்று துப்புதலும் ஆகா என்பது தொழில் ஒழுங்காயிற்று. அவ்வொழுங்கு செவ்வனே நடைபெற்றது, இன்றும் நடைபெறுகின்றது. மலைநாட்டு மக்களைப் புகைத்தடைக்குக் கட்டுப்படச் செய்தல் இயலாதென்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். காரணம் தெளிவாயிருந்து மேற்பார்வையும் இருந்தவிடத்து எம்மவர் கட்டுப்பட்டே வந்துள்ளனர்.

ஆயின் அத்தடையாற் காக்கப்பட்டது கொழுந்தின் மணம். கொழுந்தைப் பறித்தவளின் நுரையீரலைப் பற்றி அவ்வொழுங்கு எதுவும் சொல்லவில்லை. ஒரே தோட்டத்தில், ஸ்டோரின் காற்றுத் தூயதாயிருக்க, அதற்குச் சற்றே கீழிருந்த லயத்தின் காற்று எவராலும் கவனிக்கப்படாதிருந்தது.

நுரையீரலைப் பற்றிய அறிவு பின்னரே வந்தது. இங்கிலாந்திலே டோல், ஹில் என்னும் இரு அறிஞர்கள் 1950 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்குமுள்ள தொடர்பை வலியுறுத்திற்று. இலண்டன் வைத்தியர் கழகத்தின் அறிக்கை 1962 இலும், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964 இலும் வந்தன. இவை யாவும் புகைப்பவரைப் பற்றியன. அருகிலிருப்போரைப் பற்றிய பெருஞ்சான்று 1981 இல் யப்பானிலிருந்து கிடைத்தது. தாம் புகையாத பெண்களுள்ளே, புகைக்கும் கணவரை உடையோர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றுவதை ஹிராயாமா என்னும் ஆராய்ச்சியாளர் காட்டினார். அந்நாள் தொட்டுத் தடைச் சட்டங்களின் அடித்தளம் உறுதியாயிற்று. அச்சான்று பிறந்த இடம் கடையுமன்று, காரியாலயமுமன்று. வீடே என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

1999 ஜூலை 12 ஆம் திகதி கேரள உயர் நீதிமன்றம், பொதுவிடங்களிற் புகைத்தல் பிறர்க்குத் தொல்லை தருவதென்றும், உயிர்வாழும் உரிமைக்கு முரணானதென்றும் தீர்ப்பளித்தது. நம்மவரைப் போலவே லயங்களில் வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரைக் கொண்ட மூணாறும் அத்தீர்ப்பின் எல்லைக்குள் அடங்கியது. 2001 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதே வழியிற் சென்றது. அயர்லாந்து 2004 மார்ச் 29 இல் வேலைத்தலங்கள் அனைத்திலும் தடை கொணர்ந்தது.

இலங்கை இவ்விடயத்திற் பின்தங்கியிருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தை 2003 இல் ஏற்று உறுதிசெய்த ஆசிய நாடுகளுள் இலங்கையே முதலாவது. அதன் பயனாகப் பாராளுமன்றம் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்றலை அச்சட்டம் குற்றமாக்கியது, விளம்பரத்தை விலக்கியது, 39 ஆம் பிரிவினால், மூடப்பட்ட பொதுவிடங்களிற் புகைத்தலையும் புகைக்க இடங்கொடுத்தலையும் தடுத்தது. முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதிகளும், முப்பது பேர்க்குக் குறையாது இருக்கை உள்ள உணவகங்களும், விமான நிலையமும் புகைத்தற்கெனத் தனியிடம் ஒதுக்கலாம் என்று விலக்களிக்கப்பட்டது. பெரிய விடுதிக்குச் சலுகை, ஹட்டன் நகரத்துச் சிறிய சாப்பாட்டுக்கடைக்குக் கண்டிப்பு என்று இதனைக் குறைகூறுவோர் உளர். சுகாதார நோக்கிற் பார்த்தால் இழப்பு பெரிய விடுதிக்கே உரியது. புகையறையைத் துப்புரவு செய்யச் செல்லும் பணியாள் இழந்த காவலைச் சிறுகடையிலே தேநீர் ஆற்றுபவன் பெற்றிருக்கின்றான்.

இத்தகைய சட்டங்களால் உடல்நலம் உண்மையாகவே பெருகுமா என்று ஐயுறுவோர்க்கு மேலைநாட்டுச் சான்றுகள் சிலவற்றைக் காட்டுதல் போதும். டப்ளின் நகரத்து மதுச்சாலைகளில் தடைக்கு முன்னும் பின்னும் காற்றை அளந்தபோது நுண்துகள்கள் 83 வீதம் குறைந்திருந்தன. 2006 மார்ச்சில் தடைகொணர்ந்த ஸ்கொத்லாந்திலே ஒன்பது வைத்தியசாலைகளில் மாரடைப்பு முதலிய திடீர் இதயநோய்க்காக அனுமதிக்கப்பட்டோர் தொகை 17 வீதம் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியின் மூன்றிலிரண்டு பங்கு புகையாதவர்களிடத்தே காணப்பட்டது. அமெரிக்காவிலே ஹெலினா என்னும் சிறுநகரில் 2002 இல் வந்த தடை ஆறு மாதத்தின் பின் வழக்கினால் நிறுத்தப்பட்டது. அந்த ஆறு மாதமும் மாரடைப்பு நோயாளர் குறைந்து, தடை நின்றபின் மீண்டும் பெருகினர். சிறிய ஊரின் சிறிய எண்களைக் கொண்டு பெரிய முடிபு கூறலாகாது என்று அதனை மறுத்தோரும் உளர், மறுப்பிலே நியாயமுண்டு. எனினும் பல நாடுகளின் முடிபுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. புற்றுநோய் பல்லாண்டு கழித்து வருவது. இதயநோயோ அவ்வாறன்று. புகைபடிந்த காற்றிற் சிறிதுநேரம் இருத்தலும் குருதி எளிதில் உறைதற்கும் நாளங்கள் இறுகுதற்கும் ஏதுவாகும் என மருத்துவர் கூறுவர். ஆதலினாலேயே தடையின் பயன் சில மாதங்களுக்குள் வைத்தியசாலைப் பதிவேட்டிலே தெரிகின்றது.

மூடிய இடத்துக்குரிய இச்சட்டத்தின் அருமை குளிர்நாட்டிலேதான் நன்கு விளங்கும். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை நாற்புறமும் திறந்தது. கடற்காற்று உள்ளே நுழைந்து புகையைக் கொண்டுபோய்விடும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே கதவும் சாளரமும் சாத்தியே இருக்கும். யான் பாடசாலை மாணவனாயிருந்த காலத்திலே, மழைநாட்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸிலே சாளரங்கள் யாவும் அடைக்கப்பட்டிருக்கும். பின்னிருக்கையிலே நால்வர் பீடி பிடிப்பர். வளைவுகளிலே குழந்தைகள் வாந்தியெடுக்கும். வளைவே காரணமென்று நாம் எண்ணியிருந்தோம். இன்று அப்பாதையிலே செல்லும் பஸ்ஸிற் பீடிப்புகை இல்லை. தேநீர்க்கடை வாயிலிலே பீடி பற்றவைத்தற்கென்று கனன்றுகொண்டு தொங்கிய கயிறும் அரிதாகிவிட்டது. புகைக்க விரும்புவோர் கடையைவிட்டு வெளியே தூறலிலே நின்று புகைக்கின்றனர். வைத்தியசாலை, பாடசாலை, தபாற் கந்தோர் ஆகியவற்றின் சுவரிலே மும்மொழியிலும் எழுதிய அறிவித்தல் காணப்படுகின்றது. இவை சிறியனவாகத் தோன்றலாம். நாள்தோறும் ஹட்டன் நகரத்துக்கு மேல்வகுப்புப் படிக்கச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்குப் போக்கிலும் வரவிலும் தூய காற்றுக் கிடைத்தல் சிறிய பேறன்று.

இவ்வளவும் நகரத்திலும் பெருவீதியிலும் நடந்தவை. பஸ்ஸைவிட்டிறங்கித் தோட்டத்து எல்லைக்குட் புகுந்தவுடன் நிலைமை வேறாகின்றது.

தோட்டம் என்பது சட்டத்தின் கண்ணிலே நெடுங்காலம் ஒரு தனியார் நிலம். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தும், அங்கே பாதை, கோவில், கடை, பாடசாலை, சுடலை யாவும் இருந்தும், அஃது ஓர் ஊராகக் கருதப்படவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்குறை முழுவதும் நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ்த் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணஞ் செலவிடுதற்கு இருந்த தடை 2018 இலேதான் திருத்தப்பட்டது. பொது என்னும் சொல்லாற் குறிக்கப்பட்ட நன்மைகள் தோட்டத்து வாயிலிலே வந்து நின்றுவிடுதல் நமக்குப் புதியதன்று. புகைத்தடையும் அவ்வாறே நின்றது.

லயம் எவ்வாறு அமைந்தது என்பதைச் சமவெளி வாசகர்க்காகச் சற்று விரித்துரைப்போம். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள். சிலவிடத்து முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வரிசை. ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. கோப்பிக் காலத்திலே, சில மாதம் தங்கித் திரும்பிச் செல்வோர்க்கென்று கட்டிய அமைப்பு இது. பல தலைமுறைகள் நிலைத்து வாழ்ந்த பின்னும் பெரும்பாலும் மாறாதிருந்தது. அடுப்பு அக்காம்பராவின் மூலையிலோ இஸ்தோப்பை மறைத்த ஒதுக்கிலோ இருக்கும். எரிபொருள் தேயிலைச் செடியின் கவ்வாத்து மிலாறும் சவுக்கு, கருப்பந்தேயிலை முதலிய விறகும். மழைக்காலத்தில் விறகு ஈரமாயிருக்கும். புகைபோக்கி இல்லாத வீட்டிலே புகை கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பி, உறங்கும் குழந்தையின் மேல் இறங்கும். காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டாத லயங்களில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கும் உரியது.

இங்கே ஒருவர் பீடி பற்றவைத்தால் அப்புகை எவ்விடத்ததென்பது? சட்டத்தின்படி லயத்துக் காம்பரா மூடப்பட்ட இடந்தான், பொதுவிடம் அன்று. ஆயின் நகரத்தான் வீட்டைப்போல் அதனைத் தனியிடம் என்றுஞ் சொல்லுதற்கில்லை. வெளியே நின்று புகைக்கலாமென்றால் வெளியென்பது அடுத்த வீட்டுக்காரன் இஸ்தோப்பு. ‘பொது’, ‘தனி’ என்னும் பாகுபாடு முற்றமும் வேலியும் உள்ள வீடுகளைக் கண்டோர் வகுத்தது. அது லயத்தின் மேற் பொருந்தவில்லை.

பொதுவிடத்திலே தடுக்கப்பட்டோர் வீட்டிலே மிகுதியாகப் புகைப்பர் என்று அஞ்சியோர் மேலைநாட்டிலும் இருந்தனர். ஸ்கொத்லாந்திலே அவ்வச்சம் பொய்த்தது. தடைக்கு முன் ஆண்டுதோறும் 5 வீதம் அளவிற் கூடிவந்த சிறுவர் ஈளை நோய்க்குரிய வைத்தியசாலை அனுமதிகள், தடைக்குப் பின் ஆண்டுக்கு 18 வீதம் அளவிற் குறைந்தன. பொதுவிடத்திற் புகையாதிருக்கப் பழகியோர் வீட்டினுள்ளும் விலகி நிற்கத் தலைப்பட்டனர் என்று இதற்குப் பொருள் கூறுவர். எங்கள் லயங்களில் அந்நற்பேறு முழுமையாக வாய்த்தற்குத் தடையாயிருப்பது அடுப்பு. விறகுப்புகையிலும் கரியமில நச்சுவாயுவும் நுண்துகள்களும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் உள. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பிறர் புகைத்த புகையால் உலகத்தில் ஆண்டுதோறும் இறப்போர் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர். வீட்டடுப்பின் புகையால் 2020 ஆம் ஆண்டில் இறந்தோரோ 32 இலட்சம். தகப்பன் பீடியை அணைத்துவிட்டாலும் தாய் அடுப்பை அணைக்க முடியாது. எமது பாடசாலையில் மார்கழி, தை மாதங்களில் இருமும் பிள்ளைகளை வரிசைப்படுத்தினால், புகைக்கும் தகப்பனைக் கொண்டோர் யார், புகைபோக்கியில்லா வீட்டார் யார் என்று பிரித்தறிதல் அரிது.

இனிப் பெண்டிரைப் பற்றிக் கூறுவோம். சுகாதார அமைச்சு 2015 இல் நாடளாவ நடத்திய மதிப்பாய்வின்படி, இலங்கையின் வயதுவந்த ஆடவருள் 29.4 வீதத்தினர் புகைபிடிப்போர், பெண்களுள் 0.1 வீதத்தினரே. புகையின்றிப் புகையிலை கொள்ளும் பெண்கள் 5.3 வீதத்தினர். அதாவது, புகையிலையைக் கையாளும் இலங்கைப் பெண்கள் ஏறத்தாழ அனைவரும் மெல்லுவோரே. தோட்டங்களிலே கொழுந்தெடுப்போர் பெண்கள். வெற்றிலை மெல்லும் பழக்கம் மிக்கோரும் அவர்களே. புகைத்தடைச் சட்டம் எத்துணைச் சிறப்பாக நடைபெறினும் அப்பெண்ணின் வாயிலுள்ள புகையிலையை அது தொடுவதில்லை. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்குத் தானும் அத்தகையனவே என்று 2004 இல் வெளியான அதன் நூல் கூறுகின்றது. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதற்கு முன்னோடியான வெண்படலம் முதலியனவும் பரவியிருத்தலைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டனர். நாடு முழுவதையும் நோக்கினும் இலங்கை ஆடவர்க்கு வரும் புற்றுநோய்களுள் வாய், தொண்டைப் பகுதிக்குரியனவே முன்னிற்கின்றன.

அரசு இதனைக் காணாதிருக்கவில்லை. 2016 இல் மாவா முதலிய புகையற்ற புகையிலைக் கலவைகளின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன. உறைக்குள் அடைத்து வருவதைத் தடுத்தல் எளிது. கடைக்காரன் கூடையிலிருந்து கிள்ளி வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுக்கும் புகையிலைத் துண்டுக்கு உறையுமில்லை, பெயருமில்லை. 2015 முதல் சிகரெட்டுப் பெட்டியின் 80 வீதப் பரப்பிலே நோய்வாய்ப்பட்ட உறுப்புகளின் படங்கள் அச்சிடப்படுகின்றன. அவற்றைப் பெட்டியாக வாங்குவோர் காண்பர். ஒன்றிரண்டாக வாங்கும் தோட்டத் தொழிலாளி காண்பதில்லை. வெற்றிலை போடும் அவன் மனைவிக்கோ காட்டப்படும் படமே இல்லை.

அங்ஙனமாயின் சட்டத்தை லயத்துக்குள்ளும் நீட்டலாமா? சில ஆசிரிய நண்பர்கள் அவ்வாறு வேண்டும் என்கின்றனர். எமக்கு அது நன்றாகத் தோன்றவில்லை. லயத்து வீடு அதில் வாழ்வோர்க்கு உரிமையானதாக இருந்ததில்லை. துரையும் கணக்கப்பிள்ளையும் விரும்பிய பொழுது வந்து கதவைத் தட்டக்கூடிய இடமாகவே அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வேலைக்கு வராதவனைத் தேடியும், விருந்தினன் எவனும் தங்கியுள்ளானோ என்று பார்க்கவும் வந்தனர். இப்பொழுது பீடியைத் தேடி மற்றொருவர் வருதல் அம்மக்களுக்குச் சுகாதாரமாகத் தோன்றாது. ஸ்டோரிலே தடை வென்றதற்குக் காரணம் அது வேலைத்தலமாயிருந்தமை. வீட்டிலே வெல்லவேண்டியது வேறு வகையால். தனி வீடும், தனிச் சமையலறையும், புகைபோக்கியும் வேண்டும். 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளையும், அதற்கு முன்னர்த் தொடங்கிய நாலாயிரம் வீடுகளையும் அரசியற் செய்தியாகவே பலர் பேசினர். தனித்தனி நிலத்தில் வீடொன்று எழும்போது, வெளியே சென்று புகைத்தற்கு ஒரு வெளி உண்டாகின்றது என்பதையும் சுகாதாரத்தார் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வாய்நோயைப் பொறுத்தவரையில் வழி முன்னமே காட்டப்பட்டுள்ளது. 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இலங்கையிலே ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்க்குச் சிறிது பயிற்சியளித்து, மக்களின் வாயைப் பார்வையிடச் செய்தனர். அவர்கள் பெரும்பாலும் பிழையின்றி நோயடையாளங்களைக் கண்டறிந்தமை 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே வெளியாயிற்று. தோட்டத்து மருத்துவிச்சியும் பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளரும் இதனைச் செய்யவல்லவர்களே. ஆயின் அவ்வாராய்ச்சியிலேயே மற்றொரு செய்தியும் உண்டு: மேற்பரிசோதனைக்கென்று அனுப்பப்பட்டோருட் பெருந்தொகையினர் வைத்தியசாலைக்குச் செல்லவில்லை. தோட்டத்தை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. பேராதனைக்குப் போய்வர ஒரு முழுநாள் செல்லும். அன்று பெயர் விழாது. பெயர் விழாவிடில் அந்நாட் கூலி இல்லை. வலியில்லாத வெண்படலம் ஒன்றுக்காக எவள் ஒருநாட் கூலியை விடுவாள்? 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைச் சட்டத்தினாலே, தோட்டப் பெண் வேலைக்கு வராத நாட்களுக்கும் பணம் பெறும் முறை ஏற்பட்டது. கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலே வாய்ப் பரிசோதனைக்குச் சென்ற நாளையும் பெயர் விழுந்த நாளாகப் பதிதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. கம்பனியும் தொழிற்சங்கமும் செய்துகொள்ளக்கூடிய உடன்பாட்டிலே ஒரு வரி போதும்.